மே மாதம் வாருங்கள், கம்பிக்கயிற்றைப் பிரித்துப் பாருங்கள்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இயக்குநர் அவர்களுக்கு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு விஞ்ச் ஓட்டி, அதாவது கம்பிக்கயிற்றால் படகைக் கரைக்கு இழுக்கும் எந்திரத்தை ஓட்டுகிறவன், எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

என் வீட்டு அலமாரியில் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்த கம்பிக்கயிறு ஒன்று இருக்கிறது. ஏழு வருஷமாக வைத்திருக்கிறேன். உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்திருப்பதால், அன்றைக்கு எப்படி அறுந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. முனையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். வெளிச்சுற்றுக் கம்பிகளின் முனை வெள்ளி போல வெளிறி இருக்கும். அவை அன்று அறுந்தவை. உள்ளே இருப்பவை செம்பழுப்பு, தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். அவை அதற்கு எத்தனையோ மாதம் முன்பே அறுந்தவை. பாதிக் கயிறு ஏற்கெனவே செத்துப் போயிருந்தது. மீதிப் பாதியை நம்பித்தான் நாங்கள் படகை இழுத்தோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் அப்போது வேலை செய்தேன். விசைப்படகு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. படகின் அடிக்கட்டையான ஏராக்கட்டை எதிலோ சிக்கி நின்றது. மேஸ்திரி கையைக் காட்டினார், "இன்னும் கொஞ்சம் குடுப்பா." நான் லிவரைத் தள்ளினேன். வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கப்பிக்குப் பக்கத்தில் உருளைக்கட்டையை நேராக்கிக்கொண்டு நின்றவன் எனக்கு மச்சான் முறை. அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு வயது 34.

அந்த யார்டில் சான்றிதழ் இருந்தது. நாலு மாதம் முந்தைய தேதி, முத்திரை, கையெழுத்து, "கயிறு நல்ல நிலையில் உள்ளது" என்ற வரி, எல்லாம் இருந்தது. அதைக் கொடுத்தவர் வந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அறையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார், விஞ்சின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார், வண்டி ஏறினார். விஞ்ச் இருந்த இடம் அங்கிருந்து ஐம்பது அடி. அவர் அந்த ஐம்பது அடி நடக்கவில்லை. யார் பெயரையும் இழுக்க இதைச் சொல்லவில்லை. யார்டும் இப்போது கைமாறிவிட்டது. ஆனால் அந்த ஐம்பது அடியைப் பற்றித்தான் இந்த மடல் முழுக்க.

சட்டம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-வது பிரிவில் தெளிவாகவே எழுதிவைத்தது: தூக்கும் எந்திரம், சங்கிலி, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் தகுதி பெற்ற ஒருவர் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஹாய்ஸ்ட், லிஃப்ட் என்றால் 28-வது பிரிவில் 6 மாதம். 'முழுமையாக' என்ற அந்தச் சொல்லை நான் பல தடவை படித்திருக்கிறேன். இளநீர் குடித்துவிட்டுப் போவது அதற்குள் வராது.

இந்தக் கரையில் 12 மாதம் என்பது நீண்ட காலம். கோயம்புத்தூரில் ஒரு கயிறு ஒரு வருஷம் தாங்குவதும் மண்டபத்தில் தாங்குவதும் ஒன்றல்ல. வாடைக் காலத்தில் வடகடல் பக்கமிருந்து உப்பு வரும். கச்சான் காற்று வீசினால் தென்கடல் பக்கமிருந்து உப்போடு மணலும் சேர்ந்து வரும். கிரீஸ் மேல் மணல் ஒட்டி அரம் மாதிரி ராவும். கம்பிக்கயிற்றின் நடுவில் நார்த்திரி இருந்தால் அது எண்ணெயைக் குடித்து வைத்திருப்பதற்காக. எண்ணெய் போடாமல் விட்டால் அதே திரி உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே கறுப்பாகப் பளபளவென்று நல்ல கயிறு மாதிரியே இருக்கும்.

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. கயிற்றைத் தளர்த்தி, முறுக்குக்கு எதிராகத் திருகி, கூர்க்கம்பி கொண்டு புரியைப் பிரித்தால் உள்ளே தெரிந்துவிடும். வெளியே அறுந்த கம்பி இருக்கிறதா என்று அறிய காட்டன் வேஸ்டால் பிடித்து நீளத்துக்கு உருவினால் போதும், அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டி நிற்கும். வெர்னியர் வைத்து அளந்தால் எவ்வளவு இளைத்திருக்கிறது என்பது வரும். கப்பியில் ஏறி இறங்கும் பகுதி, டிரம்மில் கடைசிச் சுற்று, முனையில் கிளாம்ப் பிடித்த இடம், இந்த மூன்றும்தான் முக்கியம். ஒருவர் பொறுமையாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகும். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் கொக்கிக்கும் கப்பிக்கும் சில்வர் பெயிண்ட் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. புதுப் பெயிண்டைப் பார்த்தால் உங்கள் அதிகாரிகள் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐஸ் பிளாண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உப்பு காற்றில் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, தொட்டியிலேயே இருக்கிறது. உப்புக்கரைசலில் நிற்கும் கேன்களைக் கொக்கி உள்ளே போய்த் தூக்கி வர வேண்டும். ஒரு கேனில் 50 கிலோ ஐஸ் என்றால், பத்துக் கேன் கொண்ட வரிசை அரை டன், தகரத்தின் எடை தனி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படகுக்காரர்கள் அவசரப்படுத்தும்போது அந்த அரை டன் ஒரு மனிதனின் தலைக்குப் பக்கத்தில் ஊசலாடும். நான் பார்த்த ஒரு கொக்கியில், மாட்டியது நழுவாமல் தடுக்கும் பூட்டு நாக்கு இல்லை. அந்த இடத்தில் பைண்டிங் கம்பி கட்டியிருந்தது. எடை எழுதிய தகட்டின் மேல் மூன்று தடவை பெயிண்ட் ஏறி, எண் மறைந்து போயிருந்தது. ஐஸ் உடைக்கிற மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள் டிரம்மின் வாய் போன்ற ஆபத்தான பாகங்களுக்கு மூடி போட வேண்டும் என்று அதே 1948 சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னது. மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டுத்தான் பல இடங்களில் ஓட்டுகிறார்கள், பக்கத்திலேயே சேலைத் தலைப்போடு பெண்கள் கூடை பிடித்து நிற்பார்கள்.

இதையெல்லாம் சொன்னால் முதலாளிமார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நம்மகிட்ட நாலு பேருதான், நமக்கு அந்தச் சட்டமே கிடையாது." கம்பெனிக் கணக்கில் நாலு பேர் என்பது உண்மை. ஆனால் மே மாதம் வந்து எண்ணிப் பாருங்கள். பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கிறவர், தச்சர், வெல்டர், பெயிண்டர், இஞ்சின் மெக்கானிக், அவர்களுக்குக் கையாள் என்று ஒரே யார்டில் இருபத்தைந்து பேர் நிற்பார்கள். படகைப் பழுதுபார்ப்பதும் உற்பத்திப் பணிதான் என்று 1948 சட்டத்திலேயே இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிலாளிதான். கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்திருந்தாலே அது தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த 10-ஐ 20 ஆக்கிவிட்டது. அது எனக்கு வேதனைதான். எண்ணிக்கை குறைந்த இடத்தில் கயிறு மெதுவாக அறுவதில்லை. ஆனாலும் 'ஏதாவது ஒரு நாள்' என்பது அதிலும் இருக்கிறது. நவம்பரில் வந்தால் நாலு பேரைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். தடைக்காலத்தில் வந்தால்தான் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதே தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. விஞ்சுகளுக்கு அதுதான் வேலை மிகுந்த காலம், ஐஸ் பிளாண்டுகளுக்கோ ஓய்வு. தொட்டியை வற்றவைத்துச் சங்கிலியைக் கழற்றித் தரையில் போட்டு அளக்க வேறு மாதம் கிடைக்காது. மீன்வளத் துறை அதிகாரிகள் அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொரு படகாக வந்து ஆய்வு செய்கிறார்கள். படகைப் பார்க்க ஆள் வருகிற அதே வாரத்தில், அந்தப் படகை இழுத்த கயிற்றைப் பார்க்கவும் ஆள் வரட்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று ஊருக்கு இரண்டு நாள் முகாம் போடுங்கள். சின்ன யார்டுக்காரர் ஒருவர் மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஆளைத் தனியாக வரவழைத்தால் வண்டிச் செலவே தாங்காது. பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கும். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் கடன் வாங்கி விஞ்ச் போட்டவர்கள்.

பழைய சட்டத்தின் 29-வது பிரிவில் இன்னொரு வழியும் இருந்தது. 12 மாதம் என்ற இடைவெளிக்குப் பதிலாக வேறு இடைவெளியைத் தலைமை ஆய்வாளர் எழுத்து மூலம் குறிக்கலாம் என்பது அது. புதிய சட்டத்தின் கீழ் வரும் மாநில விதிகளிலும் அந்த வழி இருக்கட்டும். அதைக் கொண்டு கடலோரத்துக்கு 6 மாதம் என்று குறியுங்கள். தடைக்காலத்தில் ஒன்று, வாடை தொடங்கும்போது ஒன்று.

உப்புக்காற்றில் இது நடக்குமா என்று யாராவது கேட்டால் பாம்பனைக் காட்டுவேன். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தில் கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குத்துண்டு 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. அதையும் கம்பிக்கயிறுதான் தூக்குகிறது. திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து சோதித்தார், துரு உட்படக் குறைகளை எழுதினார். அதைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தொண்டையை அடைக்கவும் செய்தது. அந்தப் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் யார்டுகள் இருக்கின்றன.

மச்சான் இப்போது வலை பின்னுகிறான். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு வெயிலுக்கு முன் வந்து உட்கார்ந்துவிடுவான். விஞ்ச் ஓடுகிற சத்தம் கேட்டால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவான்.

நான் இப்போதும் விஞ்ச் ஓட்டுகிறேன், வேறு இடத்தில். வாரம் ஒரு நாள் கயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் லிவரில் கை வைப்பேன். மேஸ்திரி கோபித்தாலும் அப்படித்தான். ஆனால் நான் பார்ப்பது சோதனை ஆகாது, நான் வேண்டாம் என்று சொன்னால் வேறொருவன் ஓட்டுவான். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. மே மாதம் எந்த நாள் உங்கள் அதிகாரிகள் மண்டபம் வந்தாலும் நான் கரையில் இருப்பேன். அலமாரியில் இருக்கும் அந்த ஒரு சாண் கயிற்றை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு விஞ்ச் ஓட்டி