விருந்துக் கதை போதும், ஆஸ்பத்திரியின் கதையை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் பழைய மாளிகைகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பணக்காரரான டி சொய்சா குடும்பத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், சந்தோசம். ஆனால் அந்த அரைப் பக்கமும் 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் அல்பிரட்டுக்கு அவர்கள் வைத்த விருந்தோடும் தங்கப் பாத்திரங்களோடும் முடிந்துவிட்டது. இளவரசர் வந்துபோன பிறகு விருந்து நடந்த வீட்டுக்கு அல்பிரட் ஹவுஸ் என்று பேர் வந்ததும், அதன் காணியில் இன்று அல்பிரட் பிளேஸ் போன்ற வீதிகள் இருப்பதும் சரி. அந்த நகரத்துக்கு இவர்கள் செய்தது ஒரு ராத்திரி விருந்து மட்டும்தானா?

1879இல் அந்தக் குடும்பத்துச் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தன் பணத்தில் கொழும்பில் ஒரு பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியைத் தொடக்கி வைத்தார். வீட்டு அறையில் மருத்துவிச்சியின் கையை நம்பிப் பிள்ளை பெற்று, தாயும் பிள்ளையும் இறந்துபோவது சாதாரணமாக இருந்த காலம் அது. மருத்துவக் கல்லூரியே 1870இல்தான் தொடங்கியிருந்தது. இன்றைக்கும் அந்த டி சொய்சா ஆஸ்பத்திரியின் பேர் மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் தெரியும், ஆனால் அது ஒரு மனிதருடைய பேர் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டம் என்று பலர் இன்னும் சொல்லும் இடத்தில் அவருடைய சிலை நிற்கிறது. மொறட்டுவையில் அவர் கட்டிய பாடசாலை 1876இல் திறந்தது, அதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை.

அப்புறம், பணம் வந்த வழி. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சார்ள்ஸின் தகப்பன் ஜெரோனிஸ் டி சொய்சா மொறட்டுவைக்காரர், சாராயக் குத்தகையில் முன்னுக்கு வந்தவர். அப்போது ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கிற உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும், எடுத்தவர் அரசுக்குக் குத்தகைப் பணம் கட்டிவிட்டு மிச்சத்தைத் தன் லாபமாக்குவார். கூலிக்காரனின் சம்பளத்தில் ஒரு பங்கு தவறணைக்கு, அதாவது சாராயக் கடைக்கு, போய், அங்கிருந்து குத்தகைக்காரரின் பெட்டிக்குப் போனது என்பதுதான் இதன் அர்த்தம். 1837இல் மலைநாட்டு ஹங்குரன்கெத்தயில் அரசர் தோட்டம் என்ற காணியை வாங்கி அவர் கோப்பி போட்டார். வெள்ளைக்காரத் துரைமார் கையில் இருந்த தொழிலில் ஒரு உள்நாட்டவர் இறங்கியது பெரிய காரியம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் அந்தக் காலத்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் யார்? பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தே போன எங்கள் மொழிச் சனங்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கொழும்புக்கு ரயில் பாதையும் துறைமுக வேலையும் வந்ததற்குக் கோப்பி ஒரு முக்கிய காரணம், அந்தக் கோப்பியைச் சுமந்த முதுகுகளுக்கு எந்தச் சுற்றுவட்டத்திலும் சிலை இல்லை.

டி சொய்சா குடும்பத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊர்ப் பெண்களின் உயிருக்காகக் கொடுத்தவரை நான் மனதார மதிக்கிறேன். தமிழ்ப் பத்திரிகையில் அந்தக் கதை வரும்போது மன்னார் வழியும் சேர்ந்து வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரம் எடுத்து ஒரு முழுப் பக்கமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஆரையம்பதி வாசகர்