சர்வர் ஃபோல்டர் அனுமதிகளில் ஏற்பட்ட குளறுபடி குறித்த புகார்

அனுப்புநர்: நிர்வாக மேலாளர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், சர்வர் பராமரிப்பு நிறுவனம்.

பொருள்: சம்பள ஃபோல்டரின் அனுமதிகளை அழித்தது – உடனே சரிசெய்யக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அலுவலகக் கோப்புகளைப் பொதுவாக வைத்திருக்கும் எங்கள் விண்டோஸ் ஃபைல் சர்வரை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பேரில் தங்கள் நிறுவனம் கவனித்து வருகிறது. புதிதாகச் சேர்ந்த கணக்கருக்குக் ‘கணக்கு’ ஃபோல்டர் திறக்கவில்லை என்று நாங்கள் கொடுத்த சிறிய புகார், தங்கள் பொறியாளர் கைவைத்த பிறகு, சம்பள விவரங்கள் அலுவலகம் முழுவதற்கும் தெரியும் நிலையில் வந்து நின்றிருக்கிறது.

அந்தக் கணக்கரைக் கணக்குப் பிரிவின் குரூப்பில் (ஒரே அனுமதி பெறும் பயனர்களின் தொகுப்பு) சேர்த்தது சரியே. ஆனால், ஒருவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பதை விண்டோஸ் லாகின் நேரத்தில்தான் கணக்கில் எடுக்கும் என்பதால், அவரை லாக்-ஆஃப் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வரச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல், ‘ஆக்சஸ் டினைட்’ (அனுமதி இல்லை) என்றே வருவதைப் பார்த்து, எல்லாப் பிரிவு ஃபோல்டர்களும் அடங்கிய மேல்நிலை ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி ஆகிய இரண்டு அனுமதிப் பகுதிகளிலும், எல்லோரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ குரூப்புக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ (முழு அதிகாரம்) கொடுத்ததோடு, உள்ளிருக்கும் ஃபோல்டர்கள் அனைத்தின் அனுமதிகளையும் மாற்றி எழுதும் கட்டத்திலும் அவர் டிக் செய்துவிட்டார். ‘சம்பளம்’ ஃபோல்டருக்கென்று நாங்கள் தனியாக வைத்திருந்த அனுமதிகள் அத்தோடு போயின. தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண், பி.எஃப். எண், முன்பணப் பாக்கி வரை தையல் பிரிவுக் கணினியிலேயே திறந்தன; பார்ப்பது மட்டுமன்றி, திருத்தவும் அழிக்கவும் முடிந்தது. எங்களை நம்பி அவர்கள் கொடுத்த விவரங்கள் இவை.

இதைச் சொன்னபோது, பழைய அனுமதிகளை மீட்பதற்குப் பதிலாக, அதே ஃபோல்டரில் சாதாரணப் பயனர்கள் அனைவரும் அடங்கிய ‘யூசர்ஸ்’ குரூப்புக்கு ‘டினை’ (மறுப்பு) போட்டார். ஒரே ஃபோல்டரில் நேரடியாகப் போட்ட அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே செல்லும். சம்பளப் பிரிவினரும் அந்தக் குரூப்பில் இருப்பவர்களே என்பதால் அவர்களுக்கும் கதவு அடைபட்டு, 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டிய வேலை நின்றது. ஒருவருக்கு உண்மையில் என்ன அனுமதி கிடைக்கும் என்று காட்டும் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ பகுதியில் அவர்களில் ஒருவர் பெயரைக் கொடுத்துப் பார்த்திருந்தாலே இது அங்கேயே தெரிந்திருக்கும்.

எனவே, ‘எவ்ரிஒன்’ அனுமதியையும் ‘டினை’யையும் நீக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் குரூப் வழியாக மட்டும் அனுமதி கொடுத்து, ‘சம்பளம்’ ஃபோல்டரைப் பழையபடி தனியே பிரித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி எந்த மாற்றத்துக்கும் முன்பு, அப்போதுள்ள அனுமதிகளை ‘ஐகேக்கிள்ஸ்’ (icacls) கட்டளையால் ஒரு கோப்பில் சேமித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தாததால்தான் இன்று திரும்பிப் போக வழியில்லாமல் இருக்கிறோம். அனுமதிகள் திறந்து கிடந்த நேரத்தில் அந்த ஃபோல்டரை யார் திறந்தார்கள் என்பதற்கான ஆடிட் பதிவு சர்வரில் இருக்கிறதா என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர்கள் கேட்டால் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்பணிக்கு அனுபவமுள்ள வேறொரு பொறியாளரை நேரில் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
நிர்வாக மேலாளர்