இரண்டாம் மெட்டில் தேய்மானம் இல்லை

காரைக்குடி
கார்த்திகை 10

அன்புள்ள விசாலம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இது பதில். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, வாய்தான் வரவில்லை. மாமியார் இப்போதும் வீணைச் சத்தம் கேட்டால், "கல்யாணம் யாருக்குடி?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். உன் தம்பி மகன் ஜாதகம் விஷயத்தில் நம் பெரிய டீச்சர் அன்றைக்குச் சொன்னதுதான் என் அபிப்பிராயமும். அதற்கு மேல் காகிதத்தில் எழுத முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வீணைக்கு மேளம் கட்டியாயிற்று, விரல் அழுத்துகிற மெட்டுகளையெல்லாம் புதிதாகப் பதித்தாயிற்று.

சித்திரை வெயிலுக்கே மெழுகு இளகி மெட்டெல்லாம் அங்கங்கே சாய்ந்துவிட்டது. நம் ஊர் வெயில்தான் உனக்குத் தெரியுமே. "கொஞ்சம் தள்ளி அழுத்து" என்று பிள்ளைகளிடம் சொல்லியே ஐப்பசி வரை ஓட்டிவிட்டேன். கடைசியில் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்தார். முற்றத்து ஓரம் பாய் விரித்து வீணையைக் கிடத்தி, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். புது மெழுகைக் கரிப்பொடி சேர்த்துப் பிசைந்து, தண்டியின் இரண்டு பக்கமும் வரப்பு போல ஏற்றினார். அதன்மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, தந்தியை மீட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி, இப்படியே இருட்டும்வரை வேலை. நம் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து நீட்டினார். அந்த மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அதுக்குத் தெரிஞ்ச ஸ்வரத்தைச் சொல்லும் சார்" என்றார். அன்று முழுக்க இவர் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே அவருக்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. கழற்றிய மெட்டுகளைத் துடைத்து வரிசை கலையாமல் பேப்பரில் அடுக்கி வைத்திருந்தார். காப்பி கொண்டுபோனேன். ஒரு மெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல சின்னப் பிள்ளைங்கதான் வாசிக்குதாம்மா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முதல் மெட்டில் பள்ளம். நாலு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று எல்லாவற்றிலும் தந்தி அறுத்த தடம். இரண்டும் மூன்றும் பளபளவென்று இருந்தன. ஒன்பதும் பத்தும் அப்படியே. "ஆரம்பப் பாட ராகம் மாயாமாளவகௌளையைத் தாண்டி இந்த வீணை எங்கயும் போகலை" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று, ஒன்பது, பத்து யாருடைய இடம்? கரகரப்பிரியா ராகம்டி. என் கரகரப்பிரியா. வேலையில் இருந்த காலத்தில்கூட ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அரை மணி நேரமாவது அதை எடுப்பேன். ரிட்டையர் ஆனதும் ஆசை தீர வாசிக்கப்போகிறேன் என்று பிரிவு உபசாரக் கூட்டத்தில் மைக்கில் சொன்னேன். நீ முன்வரிசையில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாய். எதற்குச் சிரித்தாய் என்று இப்போது புரிகிறது.

என் வாரத்தைக் கேள். மூன்று மத்தியானம் பள்ளிக்கூடம். ஒரே வீணை, வகுப்பு நிறையப் பிள்ளைகள். அதனால் அங்கே தேவாரமும் திருப்புகழும் பாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலமானால் வீட்டில் சரளி வரிசை, ஜண்டை வரிசை. ஒரு அம்மா வந்து சேர்த்த அன்றே, "எத்தனை மாசத்துல மேடை ஏறுவா?" என்று கேட்டார். படிக்கட்டு ஏறவே மூச்சு வாங்குகிற குழந்தை அது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சிங்கப்பூர்ப் பேத்திக்கு வீடியோவில் கிளாஸ். அங்கே அப்போது ஐந்தரை. நான் இங்கே தாளம் போட்டால் அது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் அடுத்த அட்சரத்துக்குப் போய்விடுகிறாள். அதனால் ஒருத்தி வாசிக்கும்போது மற்றவள் மைக்கை அமுக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து வாசிக்காமல் என்ன பாட்டு கிளாஸ், சொல். ஆனாலும் அவள் முகம் பார்க்க வேறு சாக்கு இல்லை, விடவும் மனசில்லை.

போதாக்குறைக்குக் கொட்டான் வேறு. எதிர்வீட்டு ஆச்சியிடம் பனையோலை முடையக் கற்றுக்கொள்கிறேன். ஓலையை நனைத்து, ஈர்க்கைக் கிழித்து, சாயம் ஏற்றியதையும் ஏற்றாததையும் மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டு போகும்போது மனசு எங்கோ போய்விடுகிறது. என்ன, மீட்டும் விரல் நகம் பிளந்துவிடுகிறது. ஆச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "நகத்தை வச்சுக்க, இல்லை கொட்டானை வச்சுக்க. ரெண்டும் உனக்கு எதுக்கு ஆத்தா?" என்கிறார். அவருக்கென்ன, மூன்று கட்டு வீட்டில் தனி ஆளாக இருந்துகொண்டு தினம் ஒரு கொட்டான் முடித்துவிடுகிறார்.

கானாடுகாத்தானில் ஒரு ஹோட்டல்காரர் கூப்பிட்டதைச் சொல்லவில்லையே. பழைய வீட்டு வளவில் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும்போது பின்னணியில் வீணை வேண்டுமாம். சினிமாப் பாட்டு கலந்து வாசித்தால் நல்லதாம். "காரைக்குடி வீணை" என்று போர்டு வைப்பார்களாம். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 1952-ல் சங்கீத நாடக அகாடமி முதன்முதலாக விருது கொடுத்தபோது கர்நாடக சங்கீதத்தில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். அரியக்குடிக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஒரு ஆட்டோ தூரம்கூட ஒழுங்காக இல்லை. அந்த ஊரில் இன்று கீபோர்டு கிளாஸுக்குத்தான் கூட்டம். சாம்பசிவ ஐயரின் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்திருக்கும் போட்டோ ஒன்றை ஹாலில் மாட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பையனின் அப்பா, "இவர் சித்தார் வாசிக்கிறாரா டீச்சர்?" என்றார். ஹோட்டல்காரரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லமாட்டேன்.

சரி, சிரித்தது போதும். மேளம் கட்டி முடித்த ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வீணையை எடுத்தேன். கரகரப்பிரியாதான். சுருதி அவ்வளவு சுத்தம், தொட்டால் பேசுகிறது. கைதான் பேசவில்லை விசாலம். காந்தார ஸ்வரத்தை அசைக்கிற இடத்தில் விரலுக்கு இழுக்கிற பலம் இல்லை. நாம் இரண்டு பேரும் போட்டி போட்டு வாசிப்போமே, அந்த மூன்றாவது சங்கதி, அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஞாபகத்தில் இருக்கிறது, வாயால் பாடினால் வருகிறது. விரலுக்கு மறந்துவிட்டது. அழவில்லை, பயப்படாதே. ஆனால் அறுபத்து மூன்று வயதில் இன்னும் ஐந்தாறு வருஷம் இப்படியே விட்டால் திரும்ப வராது என்று மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் வாசிப்பைத் திருத்திக்கொண்டே இருப்பது வாசிப்பதாகாது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இவரிடம் சொன்னால் கிளாஸை நிறுத்து என்பார். நிறுத்த எனக்கு இஷ்டமில்லை. ஆத்தங்குடியிலிருந்து ஒரு பையன் வருகிறான். அப்பாவுக்கு டைல்ஸ் போடுகிற வேலை, கண்ணாடிமேல் கலர் ஊற்றுகிற கை. அந்தக் கை அப்படியே பையனுக்கும் இருக்கிறது. அவனை எப்படி விடுவது?

ஆகவே ஒரு யோசனை. தைப்பூசத்துக்கு இவர் பழனிக்கு நடக்கப்போகிறாராம். குன்றக்குடியில் போய் நகரத்தார் காவடியோடு சேர்ந்துகொள்வாராம். டாக்டரும் நடங்கள் என்று சொல்லிவிட்டார், இனி கேட்க ஆளில்லை. வீட்டில் மாமியாரும் நானும்தான். பொங்கல் முடிந்ததும் நீ கிளம்பி வா. மார்கழி முழுக்க சபா கேன்டீனில் உட்கார்ந்து களைத்திருப்பாய், உனக்கும் மாறுதல். பல்லவனில் ஏறினால் ராத்திரி வந்து இறங்கிவிடலாம், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிறேன். ஒரு மாதம் இருக்கிற மாதிரி வா. சாயங்காலப் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள். ஆத்தங்குடிப் பையனுக்குக் கீதம் ஆரம்பித்து வை, உன் கண்டிப்பு அவனுக்கு நல்லது. அந்த இரண்டு மணி நேரம் நான் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். அப்புறம் ராத்திரி இருவரும் சேர்ந்து. நீ இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில் ஓடுவாய் என்று எனக்குத் தெரியும், ஓடு, பிடித்துக்கொள்கிறேன்.

சம்பளம் கிடையாது. தினம் காலையில் வெள்ளைப் பணியாரம் உண்டு, ஆச்சி வீட்டிலிருந்து கந்தரப்பமும் வரும். உன் மருமகளிடம் நானே பேச வேண்டுமென்றால் பேசுகிறேன்.

வரும்போது மயிலாப்பூரில் சாரணித் தந்தி அரை டஜன் வாங்கி வா. இங்கே கிடைக்கிற கம்பி துருப் பிடித்துவிடுகிறது. பணம் முன்கூட்டி அனுப்பமாட்டேன், அனுப்பினால் போனில் வாங்கிவிட்டு வராமல் இருந்துவிடுவாய்.

உன்
காமு