கடனுக்கும் வரியா? ஒரு 'லைன்' படுத்தும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தில் வந்த ஒரு தலைப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை, வாசித்ததும் சிரிப்புத்தான் வந்தது. 'கடன் வரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். நான் அதைத் தேத்தண்ணிக் கடையில் விரித்து வைத்திருக்க, பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களோ மாஸ்டர், இப்ப கடனுக்கும் வரி போட்டிட்டாங்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2024 தை (ஜனவரி) முதலாம் திகதி வற் எனும் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமாக ஏறியதற்குப் பிறகு, மூச்சு விடுவதற்கு வரி என்று எழுதினாலும் நம்பத்தான் சனம் இருக்கிறது. செய்தியை முழுக்க வாசித்தால் அதில் வரி என்ற பேச்சே கிடையாது. ஆங்கிலத்தில் 'கிரெடிட் லைன்' என்று இருந்ததை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். கிரெடிட் என்றால் கடன், லைன் என்றால் வரி, ஆகவே கடன் வரி. கணக்குச் சரி, விடைதான் பிழை.

கிரெடிட் லைன் என்பது மொத்தமாக எண்ணிக் கையில் தருகிற காசல்ல. இவ்வளவு வரைக்கும் எடுத்துக்கொள், எடுத்ததை மட்டும் கணக்கு வைத்துத் திருப்பிக் கொடு என்கிற ஏற்பாடு. இது தெரியாத வீடு எங்கள் ஊரில் இல்லை. மூலைக்கடை முதலாளி ஒரு கொப்பி வைத்திருப்பார், அரிசியும் சீனியும் அதில் ஏறிக்கொண்டே போகும், ஒரு நாளைக்கு அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, முதல் கொஞ்சம் கட்டிப்போட்டுக் கொண்டு போங்கோ" என்பார். அந்த இடம்தான் லைன். 2022 மாசியில் எரிபொருளுக்கு 50 கோடி டொலர், பங்குனியில் உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர் என்று இந்தியா திறந்துவிட்டதும் இதே கொப்பிதான், அளவுதான் பெரிது. 'கடன் வரம்பு' என்று போட்டிருந்தால் முடிந்தது. இங்கே திருகோணமலையில், கந்தளாயிலோ மூதூரிலோ வயல் செய்கிறவருக்கு வரம்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தண்ணீர் இதுவரைக்கும்தான், அங்கால் அடுத்தவன் வயல். அதுவும் ஒரு லைன்தான், ஆனால் ஏறி நடக்கக்கூடிய லைன்.

நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வெடுத்தவன். பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன், ஆங்கிலத்தில் சின்னச் சொல்லைக் கண்டால்தான் பயப்பட வேண்டும் என்று. பெரிய சொல்லுக்கு அநேகமாக ஒரு பொருள்தான் இருக்கும். 1989 இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செற்' (set) என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். லைனும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆனால் எனக்கு இத்தனை வருடத்தில் விளங்கிய விஷயம் வேறு. ஆங்கிலச் சொல்லுக்குப் பல பொருள் இருப்பது பாதிப் பிரச்சினைதான். அதற்குப் பதிலாக நாம் கொண்டுவந்து வைக்கிற தமிழ்ச் சொல்லுக்கும் பல பொருள் இருக்கிறதே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வரியை எடுங்கள். அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரி, கொப்பியில் எழுதுவதும் வரி, புலிக்கும் வரிக்குதிரைக்கும் உடம்பில் இருப்பதும் வரி, சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் இருந்து பாடியதும் கானல்வரி. கோடு மட்டும் என்ன குறைவா? பழைய பாட்டில் யானையின் தந்தமும் கோடு, மலை உச்சியும் கோடு. இங்கே எங்கள் பேச்சில் கோடு என்றால் நீதிமன்றம். காணிச் சண்டையில் "கோடு கச்சேரி" என்று ஏறி இறங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதனால் வருகிற வினையை வீட்டு வாசலில் கண்டவன் நான். எங்கள் ஒழுங்கையில் கடற்தொழில் செய்கிற ஒருவர், காற்றில் படகு அடிபட்டதற்கு உதவி கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கொண்டு வந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. நாலாய் மடித்து, உப்பில் நனைந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய தாள். "இது எனக்கில்லைப் போல மாஸ்டர்" என்றார். ஏன் என்று கேட்டேன். முதல் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். 'விண்ணப்பதாரர் இவ்வரிக்குக் கீழ் எழுதுதல் ஆகாது' என்று இருந்தது. அதற்கு மேலே ஒரு கறுப்புக் கோடு, கீழே அலுவலகப் பாவனைக்கு என்று பெட்டிகள். ஆங்கிலத்தில் இந்தக் கோட்டுக்குக் கீழே எழுதாதீர்கள் என்று இருந்திருக்கும். மனுசன் அதை, ஏதோ ஒரு வரியின் கீழ் வருகிறவர்கள் மட்டும் எழுத வேண்டும் அல்லது எழுதக் கூடாது என்று எடுத்திருக்கிறார், அதில் எது என்றும் அவருக்குப் பிடிபடவில்லை. "நான் ஒரு வரியும் கட்டுறேல்ல, அப்ப என்னெண்டு எழுதுறது?" இரண்டு கிழமை அந்தத் தாள் அவருடைய சேட்டுப் பொக்கற்றில் கிடந்திருக்கிறது. கடைசித் திகதிக்கு இன்னும் நாலு நாள்தான்.

கடைசித் திகதி என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கும் ஆங்கிலத்தில் லைன்தான், 'டெட்லைன்'. 1864 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அண்டர்சன்வில் சிறைமுகாமில், கைதி தாண்டினால் சுடலாம் என்று ஓர் எல்லை வைத்திருந்தார்கள், அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று அது. நல்ல காலம், நம்மில் எவரும் அதைச் 'சாவுக்கோடு' என்று மொழிபெயர்த்துப் படிவத்தில் போடவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் சொல்லை விட்டுவிட்டு, அது செய்கிற வேலையைப் பார்த்திருக்கிறார்.

அந்த மாதிரிப் பார்த்தால் லைனுக்குத் தமிழில் தட்டுப்பாடே கிடையாது. உடுப்புக் காயப்போடுவது கொடி. எறும்பு போவது சாரை. கையில் இருப்பது ரேகை, முகத்தில் விழுந்தால் சுருக்கம். நாடகக்காரன் பாடமாக்குவது வசனம். குறளுக்கு இரண்டு அடி, அதை இரண்டு லைன் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. குடும்பத்தில் தாய்வழி, தகப்பன்வழி. மீன் பிடிக்கிறவருக்குத் தங்கூசி. பள்ளிக்கூடத்தில் பூமியைச் சுற்றி மத்திய கோடு. போர்க்காலத்தில் உங்கள் பத்திரிகைகளே 'முன்னரங்கு' என்று எழுதின, அந்தச் சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் யாரும் அகராதி தேடவில்லை. கப்பல் லைன் என்றால் வெறும் கப்பல் கம்பனி, அதில் கோடும் இல்லை வரியும் இல்லை. "வரிகளுக்கிடையே வாசித்தால்" என்று உங்கள் அரசியல் பத்தியாளர் மாதத்துக்கு ஒருமுறையாவது எழுதுகிறார். சொல்லாமல் சொன்னதைச் சொல்ல 'உள்ளுறை' என்று ஒரு சொல் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது, அவருக்கு அது ஏனோ பிடிக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மேசன்மாரின் சொல். சுவர் எழுப்புகிறபோது இரண்டு பக்கமும் ஆணி அடித்து ஒரு நூல் கட்டுவார்கள். ஆங்கிலத்தில் அதுவும் லைன். லைன் என்ற சொல்லின் வேரும் அதுதான் தெரியுமா, லத்தீன் மொழியில் 'லினும்' என்றால் நார் எடுக்கிற ஆளிச் செடி, அதில் திரித்த நூலுக்கு 'லினியா' என்று பெயர். லினன் துணியும் லைனும் ஒரே நூலில் வந்தவை. தமிழில் நூல் பிடித்தாற்போல் என்கிறோமே, அதே நூல். நன்னூல் பாயிரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மரத்தின் கோணலைத் தீர்க்கிற நூலைப் போல மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்று, தச்சன் கையில் இருந்ததையும் புலவன் கையில் இருந்ததையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னால் பின்வாங்கில் இருப்பவன் கொட்டாவி விடுவான். சரி, அது வேறு கதை.

மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்ட லைனும் இருக்கிறது, அது எல்லாவற்றையும் விடக் கசப்பானது. மலையகத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் கட்டிய வீட்டு வரிசைக்கு லைன் என்று பேர், தொழிலாளர் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆகிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதற்குள் ஒரு குடும்பம். சங்கீதத்தில் லயம் என்றால் தாளத்தோடு ஒன்றிப்போவது. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அந்தச் சுவரில் ஒட்டிவைத்தது எவரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, வாய் தன்பாட்டில் செய்தது. இப்போது அதைத் திருத்தி 'வரிசை வீடு' என்று எழுதுகிறார்கள் சிலர். எழுதாதீர்கள் ஐயா. வரிசை வீடு என்றால் ஏதோ கொழும்பில் விற்பனைக்கு வந்த வீடு மாதிரி இருக்கிறது. லயம் லயமாகவே இருக்கட்டும், அதற்குள் இருக்கிற வரலாறு அப்படித்தான் வாசிக்கப்பட வேண்டும்.

ஆங்கிலச் சொல் என்றால் துரத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 இல் நாம் எல்லோரும் நின்றது லைனில்தான். பத்திரிகையில் 'எரிபொருள் வரிசை' என்று வந்தது, அதுவும் நல்ல தமிழ்தான், ஆனால் வீட்டில் "அப்பா எங்க?" என்றால் "லைன்ல" என்றுதான் பதில், இல்லாவிட்டால் "கியூவில". (ஆடி மாதத்தில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தபோது என் மனைவி, முதல் கியூவே இன்னும் முடியவில்லை அதற்குள் இன்னொரு கியூவா என்று கேட்டா.) சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில், ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு விடிய விடிய நின்றோம். காஸ் லைன் இன்னும் விசேஷம். ஆட்கள் நிற்க ஏலாது என்று சிலிண்டரை மட்டும் வீதியோரம் நிறுத்திவிட்டு, யாரும் இடையில் செருகாமல் இருக்க எல்லாச் சிலிண்டரின் கைபிடிக்குள்ளாலும் ஒரு நைலோன் கயிற்றைக் கோத்து, கடைசியில் வேலிக் கட்டையில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். மழையில் நனைந்துகொண்டு நீலமும் மஞ்சளுமாக அவை நின்றதைப் பார்த்தபோதுதான், இருந்திருந்து லைன் மறுபடியும் தன் பழைய பொருளுக்கு, ஒரு கயிற்றுக்கு, வந்துவிட்டதே என்று தோன்றியது. பசியிலும் வாத்தியாருக்கு இப்படித்தான் புத்தி போகும்.

கோடு சரியாகப் பொருந்துகிற இடமும் உண்டு. 'கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்' என்று காலங்காலமாகச் சொல்கிறோம். அதனால் வெளிநாட்டுச் செய்தியில் 'சிவப்புக் கோடு' என்று நீங்கள் போடுவதை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன், கோடு கிழிக்கிற பழக்கம் நமக்கும் இருக்கிறது, நிறம் மட்டும்தான் இரவல். 1974 இலும் 1976 இலும் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் எழுதிக் கடலில் எல்லைக்கோடு போட்டதற்கும் கோடுதான் சரி. ஆனால் தண்ணீரில் கோடு எப்படி இருக்கும் என்று மீன்பிடிக்கிறவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புதிதாக ஆக்கினாலும் பரவாயில்லை, யோசித்து ஆக்கினால் நிற்கும். ஒன்லைன் என்பதற்கு இந்தியாவில் 'இணையவழி' என்கிறார்கள், நம் நாட்டில் 'நிகழ்நிலை' என்று வைத்தோம், 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபிறகு அது சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. சட்டத்தைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் வேண்டாம். சொல்லை மட்டும் சொல்கிறேன், இரண்டிலும் கோடும் இல்லை, வரியும் இல்லை. அதனால்தான் இரண்டும் பிழைத்துக்கொண்டன.

இரவு பதினொரு மணிக்கு ஆங்கிலச் செய்தி வந்து விழ, அரை மணித்தியாலத்தில் பக்கத்தை முடிக்க வேண்டிய உங்கள் ஆட்களின் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. இப்போது போனில் போட்டாலே மாற்றித் தந்துவிடுகிறது என்பதும் தெரியும். ஆனால் போனுக்கு மூலைக்கடைக் கொப்பி தெரியாது. தலைப்பை அச்சுக்கு விடுவதற்கு முன் ஒருமுறை, ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம், காவலாளியிடமோ தேத்தண்ணி கொண்டுவருகிறவரிடமோ, இதை வாசித்தால் என்ன விளங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். "கடனுக்கும் வரியா?" என்று அவர் கேட்டால் மாற்றிவிடுங்கள்.

படிவத்தை நாங்கள் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிட்டோம், திகதிக்குள் போய்ச் சேர்ந்தது. நான் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி விளங்கப்படுத்தியதும் அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கோடெண்டே எழுதியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். பிறகு, "கோடெண்டால் வழக்கெண்டு நினைச்சிருப்பன்" என்று தானே சிரித்தார்.

இந்தக் கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாவிட்டால் நன்னூல் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். லயத்தைப் பற்றி எழுதியதில் மட்டும் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.