புயல் நேரத்தில் அணையைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

புயல் கடந்துவிட்டது. நீர்வரத்து குறைந்து, ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கி வருகிறோம். குழாய்களிலும் தண்ணீர் பழையபடி வருகிறது. அணையைப் பராமரிக்கும் குழுவில் இருப்பவன் என்ற முறையில், உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாமல் அடுத்த வேலையைத் தொட மனம் வரவில்லை.

முதல் நன்றி, மழை தொடங்கும் முன்பே தண்ணீரைத் திறந்துவிட ஒப்புதல் தந்தவர்களுக்கு. வெள்ளத்தைத் தடுக்கவென்றே கட்டிய அணையில் இது பெரிய விஷயமில்லை, காலியிடம் வைத்திருப்பதுதான் அதன் வேலையே. நம்முடையது போன்ற குடிநீர் நீர்த்தேக்கத்தில் அப்படி இல்லை. இன்று திறந்துவிடும் ஒவ்வொரு அடியும் கோடையில் வீடுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர். புயல் திசை மாறி மழை ஏமாற்றிவிட்டால், "நிறைந்திருந்ததை வீணடித்துவிட்டார்கள்" என்ற பழி வந்தே தீரும். அது தெரிந்தும், வானிலைக் கணிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் புயலில் நடந்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான்.

ஏன் அவ்வளவு முன்னதாக என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு கோடி கன மீட்டர். அதாவது ஒரு டி.எம்.சி.யில் (நூறு கோடி கன அடி) மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால் அதில் பெரும்பகுதி நேராக அணைக்கு வந்து சேரும். வெளியேற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ஒரு டி.எம்.சி.யை ஒரே நாளில் இறக்க விநாடிக்கு 11,574 கன அடி திறக்க வேண்டும். ஆயிரம் கன அடி வீதம் என்றால் 11 நாளுக்கு மேல் ஆகும். ஆறு தாங்கும் அளவில் நிதானமாக விட வேண்டுமானால் வானம் வெளுத்திருக்கும்போதே தொடங்கியாக வேண்டும்.

அந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்தவர்கள் மழைமானி பார்ப்பவர்கள். சில தானியங்கிக் கருவிகளிலிருந்து தகவல் நின்றுபோனபோது, நீங்கள் நேரில் போய் அளவு பார்த்து மணிக்கொரு தடவை சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எப்போது எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதை உங்கள் குரலை வைத்துத்தான் கணித்தோம்.

ஷட்டர் இயக்கியவர்களே, மின்சாரம் போய், ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தபோது கைப்பிடியைச் சுற்றியே கதவை உயர்த்தினீர்கள். அந்த அவசரத்திலும் சைரன் ஒலிக்காமல் ஒரு அங்குலம்கூடத் தூக்கவில்லை. படபடவென்று திறந்திருந்தால் கீழே ஆற்றில் திடீரென நீர் உயர்ந்து, கரையில் நின்ற யாரையாவது அடித்துக்கொண்டு போயிருக்கும். மிதந்து வந்த மரங்களும் ஆகாயத்தாமரையும் மதகை அடைக்காமல் இரவு முழுக்கத் தள்ளிவிட்டவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அணையின் மண்கரையில் ரோந்து போனவர்களைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். கரையின் பின்புற அடியில் ஓரிடத்தில் புதிதாகத் தண்ணீர் கசிந்தது. ரோந்தில் இருந்த ஒருவர் காலித் தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்து, டார்ச் வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். மண்கரையில் கசிவு இருப்பது இயல்புதான், அது தெளிவாக இருக்கும்வரை. கலங்கி வந்தால் உள்ளேயிருக்கும் மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பாட்டிலின் அடியில் லேசாக மண் படிந்தது. உடனே மணலும் ஜல்லியும் கொண்டுவந்து, தண்ணீர் வெளியே போகட்டும், மண் போகக்கூடாது என்ற விதத்தில் அடுக்கடுக்காகப் பரப்பினார்கள். விடியும்போது அதே இடத்தில் பிடித்த தண்ணீர் தெளிந்திருந்தது.

மண்கரை என்றால் ஏன் இவ்வளவு பதற்றம் என்பதற்கு 1979 ஆகஸ்ட் 11-ஐ நினைத்தால் போதும். குஜராத்தில் மச்சு-2 அணையின் மண்கரைகளைத் தாண்டி வழிந்த வெள்ளம் அவற்றை அரித்துத் தள்ளி, கீழே இருந்த மோர்பி நகரத்தை மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உயிரிழந்தார்கள்.

அதனால்தான் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் நன்றி பெரியது. நள்ளிரவில், கொட்டும் மழையில், குழந்தைகளையும் முதியவர்களையும் ஆடுமாடுகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனீர்கள். ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு எங்களை அலைக்கழித்தீர்கள் என்று சிலருக்கு இப்போது கோபம் இருக்கலாம். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் உபரிநீர் வழிகள் அரிக்கப்பட்டபோது சுமார் 1.88 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அணை நின்றது, மக்கள் வீடு திரும்பினார்கள். அங்கேயும் அதுதான் சரியான முடிவு. நீங்கள் நகர்ந்ததால்தான் நாங்கள் தயக்கமில்லாமல் ஷட்டரை உயர்த்த முடிந்தது. "அணை உடைஞ்சிடுச்சு" என்று செல்போனில் சுற்றிய பொய்யை நம்பாமல், எங்களிடமே கேட்டுத் தெளிந்து மற்றவர்களுக்கும் சொன்ன இளைஞர்களே, உங்களால் எத்தனையோ பேர் அலறி ஓடி அடிபடாமல் தப்பித்தார்கள்.

அப்புறம் சுத்திகரிப்பு நிலையத்து நண்பர்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் பஞ்சம் தீர்ந்தது என்றுதான் வெளியே நினைப்பார்கள். உண்மையில் சேறு கலந்த அந்தத் தண்ணீரைக் குடிநீராக்குவதுதான் கஷ்டம். எந்த ஆழத்தில் கலங்கல் குறைவு என்று பார்த்துப் பார்த்து எடுத்தீர்கள். படிகாரம் எவ்வளவு போட வேண்டும் என்று கண்ணாடிக் குடுவைகளில் திரும்பத் திரும்பச் சோதித்தீர்கள். விநியோகத்தைக் குறைத்தீர்களே தவிர, கலங்கிய தண்ணீரை யாருக்கும் அனுப்பவில்லை.

எங்கள் வீட்டாருக்கும் நன்றி. அவரவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது எங்களை அணைக்கு அனுப்பிவைத்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் உள்பக்கச் சரிவில் ஊறியிருக்கும் மண் சரிய வாய்ப்புண்டு. அதனால்தான் நீர்மட்டத்தை இப்போதும் மெதுவாகவே இறக்குகிறோம். சரிவையும் ஷட்டர் கம்பிவடங்களையும் சோதித்து முடிக்கும்வரை தயவுசெய்து கரைமேல் ஏற வேண்டாம், பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் நாங்களே அறிவிக்கிறோம்.

மிக்க நன்றியுடன்,
நீர்த்தேக்கப் பராமரிப்புக் குழு சார்பாக