ராஜபாளையம் நாய்களின் கேட்கும் திறனைக் காக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டங்களின் நாட்டு நாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களுக்கு மீண்டும் மதிப்புக் கூடிவருவதை அக்கட்டுரை சரியாகவே எடுத்துச் சொல்லியிருந்தது. ஆனால் அந்த மதிப்புக்கு ஈடுகொடுக்க இந்த நாய்கள் எந்த முறையில் பெருக்கப்படுகின்றன என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை என்று கருதுகிறேன்.

இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நம் நாட்டு இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு, குட்டி கேட்டு வருவோர் இன்னும் கூடினர். இதில் மகிழ்ச்சி அடையாதவர் இருக்க முடியாது. ஆனால் பெயர்பெற்ற ஓர் ஆண் நாயிடமே சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளையெல்லாம் கொண்டுவந்து ‘கிராஸ்’ விடுவதும், அதற்குப் பிறந்த பெட்டைக் குட்டியை வளர்த்து மறுபடியும் தந்தையுடனேயே சேர்ப்பதும், ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெட்டையையும் சேர்ப்பதும் இன்றும் நடக்கின்றன. ‘லைன்’, அதாவது வம்ச வழி, ‘கெட்டுவிடக் கூடாது’ என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இரத்த உறவில் இணைசேர்ப்பதால் நோய் புதிதாக முளைப்பதில்லை. குறையுள்ள சில மரபணுக்கள் எல்லா உயிர்களிடமும் வெளியே தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு படிகளில் ஒன்று நல்லதாக இருந்தாலே குட்டி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தாயும் தந்தையும் ஒரே மூதாதையின் வழி வந்தவையாக இருக்கும்போதுதான், அந்த மூதாதையின் பழுதான படியே இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு ஏறுகிறது. ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே மூதாதையின் படியாகவே அமையும் வாய்ப்பை அளக்கும் கணக்கை அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1922-இல் வகுத்தளித்தார். அக்கணக்கின்படி, அத்தை மகனை மணந்தவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு இந்த வாய்ப்பின் அளவு 6.25 விழுக்காடு, தாய்மாமனை மணந்தவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு 12.5 விழுக்காடு. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், மருத்துவர்கள் அதைக் குறித்து எச்சரிப்பதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். தந்தையையும் மகளையும், அல்லது உடன்பிறந்த இரண்டையும் சேர்த்துப் பெறும் நாய்க்குட்டிக்கு அந்த அளவு 25 விழுக்காடு. அதையே அடுத்த தலைமுறையிலும் செய்தால் அளவு மேலும் ஏறும்.

‘பெடிகிரி’ என்னும் வம்சாவளிச் சான்றிதழில் மூன்று தலைமுறைக்கு ஒரே பெயர் திரும்ப வரவில்லையே என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஆறுதலுக்கு அடிப்படை இல்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 227 இனங்களைச் சேர்ந்த சுமார் 49,000 நாய்களின் மரபணுக்களைச் சோதித்தபோது, சராசரி அளவே ஏறக்குறைய 25 விழுக்காடு என்று தெரியவந்தது. அதாவது, ‘சுத்த இனம்’ என்று உலகம் போற்றும் நாய்கள் பலவும் உடன்பிறந்தவற்றின் பிள்ளைகளுக்கு ஒப்பானவை. கோல்டன் ரிட்ரீவர் பெட்டைகளை வைத்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்த அளவு 10 விழுக்காடு கூடினால் ஓர் ஈற்றில் சராசரியாக ஒரு குட்டி குறைகிறது என்று கண்டது. சாம்பியன் நாயின் குட்டிதானே என்று பெருமையோடு வளர்க்கப்படும் பெட்டை சினை பிடிக்காமல் போவதற்கும், ஈன்ற குட்டிகள் தேறாமல் போவதற்கும், தீவனத்தையும் பருவத்தையும் குறை சொல்வதற்கு முன் வம்சாவளியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ராஜபாளையம் நாயின் நிலை இதைவிடவும் கவலைக்குரியது. பால்போன்ற வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே இந்த இனத்தின் அடையாளம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் பிறவியிலேயே காது கேளாமை இவ்வினத்தில் வெகுகாலமாக அறியப்பட்ட குறை. உள்காதில் நிறமிச் செல்கள் இருந்தாக வேண்டும். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களை உயிரோடு வைத்திருக்கும் திசு வேலை செய்வதற்கு அவை தேவை. தோலுக்கும் முடிக்கும் நிறமியை மறுக்கும் மரபணுக்கள் சில நாய்களில் உள்காதுக்கும் அதை மறுத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அந்தத் திசு சிதைந்து, கேட்கும் செல்கள் மடிந்துபோகின்றன. பிறகு அதற்கு மருந்தும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை.

நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதும் வெள்ளையை மட்டும் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு செயல்கள். ஆனால் இந்த இனத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. மிக வெள்ளையான குட்டியைப் பெறுவதற்காக மிக வெள்ளையான சில நாய்களையே திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். அந்த ஈற்றில் பழுப்போ கறுப்போ கலந்து பிறக்கும் குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பே கொல்லப்படுவது உண்டு. இதைச் செய்கிறவர்கள் பலரும் கொடியவர்கள் அல்லர்; தலைமுறையாகப் பார்த்துவந்த வழக்கத்தைச் செய்கிறார்கள். ஆயினும் இது தவறு என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இரக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், நல்ல காதுகளுக்கான மரபணுக்களைத் தாங்கிப் பிறந்திருக்கக்கூடிய குட்டிகளைத்தான் நாம் குழிக்குள் போடுகிறோம். வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில் இது தெளிவாகவே காணப்பட்டிருக்கிறது. பிறக்கும்போதே உடலில் பெரிய நிறத்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளில் காது கேளாமை குறைவு. ஆனால் கண்காட்சி விதிகள் அந்தத் திட்டையே தகுதிக்குறைவாக்கி ஒதுக்குகின்றன.

அதே டால்மேஷன் இனத்தில்தான் நமக்குப் பயன்படும் வேறொரு வரலாறும் இருக்கிறது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை, அந்த இனத்தின் எல்லா நாய்களிடமும் ஊறிப்போயிருந்தது. நல்ல மரபணு உள்ள ஒரு நாய்கூட இனத்துக்குள் மிஞ்சவில்லை என்பதால், எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளுக்குள்ளேயே சேர்த்து அதை நீக்க வழியில்லை. மரபியலாளர் ராபர்ட் ஷைப்ளே 1973-இல் பாயின்டர் என்ற வேறோர் இனத்தின் ஒரே ஒரு நாயுடன் கலப்புச் செய்து, அந்தக் குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷன்களுடனேயே மீண்டும் சேர்த்துவந்தார். சில தலைமுறைகளில் அவை தோற்றத்தில் டால்மேஷனாகவும் சிறுநீரகத்தில் ஆரோக்கியமானவையாகவும் ஆயின. அப்படியும் ‘இரத்தம் கலந்துவிட்டது’ என்ற எதிர்ப்பால், நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றை முழுமையாக ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று. இத்தனை ஆண்டுகளும் அந்தத் தயக்கத்துக்கான விலையைக் கொடுத்தவை, சிறுநீர் அடைத்துத் துடித்த நாய்கள்.

நெருங்கிச் சேர்த்ததால்தானே இனங்களே உருவாயின என்று வளர்ப்போர் கேட்பதில் உண்மை இருக்கிறது. வேட்டைக்கும் காவலுக்கும் ஏற்ற குணங்களை நிலைப்படுத்த நம் முன்னோரும் அதைச் செய்திருப்பார்கள். ஆனால் ஓடாத நாயையும் கேளாத நாயையும் கழித்துவிடும் கடுமையான வேலை அன்று இருந்தது; வெளியூரிலிருந்து பெட்டை வருவதும் இருந்தது. இன்று நாயின் வேலை பெரும்பாலும் கண்ணுக்கு அழகாக நிற்பது மட்டுமே என்று ஆகிவிட்டதால், கேளாத நாயும் விலைபோகிறது. நிறத்தைக் கொண்டே கன்னி வேறு, சிப்பிப்பாறை வேறு என்று கறாராகப் பிரித்து, இருக்கும் சிறு கூட்டத்தையும் இரண்டாக்குவதையும் இந்த நோக்கில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு குறையைத் தெரிந்தே ஓர் உயிரின் மீது ஏற்றுவது தவறு என்று பிற நாடுகள் விதிகளின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் சொல்லத் தொடங்கிவிட்டன. பிரிட்டனின் கென்னல் கிளப், தந்தை–மகள், தாய்–மகன், உடன்பிறந்தவை ஆகிய சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை 2009-இல் நிறுத்தியது. நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023-இல், கேவலியர் கிங் சார்லஸ் இனத்தை அதற்குள்ளேயே சேர்த்துப் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்தை மீறுவதாகும் என்று உறுதிசெய்தது. தமிழக அரசும் 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டு, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத சில வெளிநாட்டு இனங்களைப் பெருக்குவதற்கு அதில் தடை சொல்லியிருந்தது. வெளிநாட்டு நாய்க்குக் காட்டிய அதே அக்கறையை உள்நாட்டு நாயின் காதுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். ராஜபாளையம் குட்டிகளை விற்பதற்கு முன் கேட்கும் திறனைச் சோதிப்பதற்கான கருவிகள், மாநிலத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் வளர்ப்போருக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வேண்டும். கைதட்டிப் பார்க்கும் சோதனை போதாது; ஒரு காது மட்டும் கேளாத குட்டி அதில் தப்பிவிடும், ஆனால் அக்குறையைத் தன் சந்ததிக்குக் கடத்தக்கூடும். நிறமுள்ள குட்டிகளையும் ராஜபாளையம் என்றே பதிவு செய்ய வேண்டும். ஊர்களில் சான்றிதழ் இல்லாமல் வளரும் நல்ல நாய்களை மரபணுச் சோதனைக்குப் பின் இனப்பதிவேட்டில் சேர்க்கவும் இடமளிக்க வேண்டும்.

காது கேளாத குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் அதைத் தெருவில் விட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கை அசைவுகளைக் கற்றுக்கொண்டு அது நன்றாகவே வாழும். தூங்கும்போது திடீரென்று தொடாமல் இருப்பதும், கயிறில்லாமல் சாலைக்கு விடாமல் இருப்பதும்தான் முக்கியம். ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்கக் கூடாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் ‘சுத்த வெள்ளை ராஜபாளையம் குட்டிகள் விற்பனைக்கு’ என்று வாரந்தோறும் பார்க்கிறேன். மாநில விலங்கு நல வாரியத்தில் வளர்ப்பவர் பெற்ற பதிவு எண்ணையும், குட்டியின் தாய் தந்தைக்கு இடையே உள்ள உறவையும் குறிப்பிடாத நாய் விற்பனை விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், அதற்காகச் சட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருநெல்வேலி.