99 சதவீதம் சரி, ஆனா எந்த மெஷின்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெஷின்ல வர்ற பழுதை ஏஐ வெச்சு தானாவே கண்டுபிடிக்கற ஆராய்ச்சி பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையை முழுசா படிச்சேன், கூட வேலை பாக்கறவங்களுக்கும் அனுப்பி விட்டேன். நான் மெயின்டெனன்ஸ்ல இருக்கறவன். மோட்டார் நின்னு லைனே நின்னப்புறம் ஓடறவங்க நாங்க, அதனால முன்கூட்டியே சொல்ற ஒரு சிஸ்டம் வர்றதுல எங்களை விட யாருக்கும் சந்தோஷம் இருக்க முடியாது. அந்த ஆராய்ச்சியாளரோட உழைப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா 99 சதவீதம் துல்லியம்னு போட்டவங்க, எந்த டேட்டாவுல பாத்தாங்கன்னு ஒரு வரி கூட போடலையே, அதான் மனசு கேக்கல.

பேரிங்னா மோட்டார்ல சுத்தற தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, தாங்கிப் பிடிக்கற குண்டு வளையம். அந்த பேரிங் பழுது ஆராய்ச்சின்னா நிறைய பேர் எடுக்கறது அமெரிக்காவுல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டி வெளியிட்ட டேட்டாவைத்தான். ரெண்டு ஹார்ஸ்பவர் மோட்டார், பேரிங்ல எலக்ட்ரிக் ஸ்பார்க் வெச்சு வேணும்னே போட்ட குழி, குறுக்களவு 0.007 இன்ச்ல ஆரம்பிக்குது. சுத்தமான லேப் டேட்டா, கத்துக்கறதுக்கு ரொம்ப நல்லது, நானே அதை வெச்சுதான் வைப்ரேஷன் படிச்சேன். சிக்கல் எங்கன்னா, ஒரே ரெக்கார்டிங்கை சின்னச் சின்ன துண்டா வெட்டி பாதியை ட்ரெயினிங்குக்கும் மீதியை டெஸ்ட்டுக்கும் போட்டுடறாங்க. வீட்ல போட்டுப் பாத்த கணக்கே பரீட்சையில வந்த மாதிரி ஆயிடுது. மாடல் பழுதைக் கத்துக்கிச்சா, இல்ல அந்த ஒரு பேரிங்கோட சத்தத்தை மனப்பாடம் பண்ணிச்சான்னு சொல்லவே முடியாது. வேற பேரிங், வேற லோடு, வேற ஸ்பீடுன்னு மாத்தி டெஸ்ட் பண்ணா நம்பர் இறங்கும், இது அந்தத் துறையில இருக்கறவங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தான், கட்டுரையில மட்டும் வரல.

சரி, நிஜமாவே 99ன்னு வெச்சுக்குவோம். 1000 மோட்டார்ல 10ல பழுது இருக்குன்னா அந்த பத்தும் ஏறக்குறைய மாட்டிக்கும், ஆனா நல்லா ஓடற 990லயும் ஒரு சதவீதம் தப்பா அலாரம் அடிச்சா அதுவே 10 ஆச்சு. வர்ற அலாரத்துல பாதி பொய். ஓடற மெஷினை நிறுத்திப் பிரிச்சு, ஒண்ணுமில்லன்னு திரும்ப மாட்டறது எவ்ளோ பெரிய வேலை, பிரிச்சு மாட்டறதுலயே புதுசா பழுது வரும். இப்படி நாலு தடவை ஆனா ஷிஃப்ட்ல இருக்கறவங்க அலாரத்தை ம்யூட் பண்ணிடுவாங்க, அவங்களைத் தப்பு சொல்லவும் முடியாது.

அதனால காரணம் சொல்ற சிஸ்டம் வேணும். 9 குண்டு இருக்கற 6205ங்கற சைஸ் பேரிங்ல வெளி வளையத்துல குழி விழுந்தா, ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள குண்டுங்க அந்தக் குழியில சுமார் 3.58 தடவை தட்டும், ஏன்னா குண்டுங்களைப் பிடிச்சிருக்கற கேஜ் ஷாஃப்ட்டை விட பாதிக்கும் குறைவான வேகத்துலதான் சுத்தும். அந்தத் தட்டு தெரியுது, அதான் அலாரம்னு மாடல் காட்டினா நான் நம்பி மெஷினை நிறுத்துவேன். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்ல அசிட்டிலீன் வாயு ஏறினா உள்ள ஆர்க், அதாவது மின்பொறி, அடிக்குதுன்னு சொல்றோமே, அந்த மாதிரி.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். நிஜமான பழுதோட டேட்டா லேப்ல இல்ல, எங்க கையில இருக்கு, அதை நாங்க தினமும் ஸ்கிராப்ல போடறோம். ஒர்க் ஆர்டர்ல "பேரிங் மாத்தியாச்சு"ன்னு ரெண்டு வார்த்தை, அதோட முடிஞ்சது. கழட்டின பேரிங்கை வெட்டிப் பாத்தா எவ்ளோ தெரியும், விஎஃப்டி (வேகத்தைக் கூட்டிக் குறைக்கற கன்ட்ரோலர்) மாட்டின மோட்டார்ல ஷாஃப்ட் வழியா கரண்ட் பாஞ்சு வளையத்துல வரி வரியா விழுந்திருக்கா, கிரீஸ் காஞ்சு நிறம் மாறியிருக்கா, இல்ல சும்மா நின்ன மெஷின் பக்கத்து மெஷின் அதிர்வுல அடி வாங்கியிருக்கா, மூணுக்கும் வைத்தியம் வேற வேற. பழைய பேரிங்கை எடுத்துட்டு புதுசு போட்டா காரணம் அப்படியே இருக்கும், திரும்ப போகும். இதை போட்டோவோட எழுதி வெச்சு, அந்த மெஷினோட பழைய சென்சார் டேட்டாவோட சேத்துக் கொடுத்தாதான் மாடலுக்கு நிஜம் எதுன்னு தெரியும்.

1980கள் ஆரம்பத்துல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி டீசல் லோகோமோட்டிவ் பழுது பாக்க டெல்டான்னு ஒரு சிஸ்டம் செஞ்சப்போ, ரிட்டயர்மென்ட்டை நெருங்கின ஒரு மூத்த இன்ஜினியர்கிட்ட உக்காந்து அவர் எப்படி யோசிக்கறார்னு கேட்டுக் கேட்டு விதியா எழுதினாங்க. இன்னைக்கு டேட்டா இருக்கு, ஆளைக் கேக்க வேண்டாம்னு ஆயிடுச்சு, எனக்கு அது சரியாப் படல.

அந்த ஆராய்ச்சியாளர்கிட்ட நீங்களே கேட்டு அடுத்த இதழ்ல போடுங்க: ட்ரெயினிங்ல பாக்காத மெஷின்ல, தானா தேஞ்சு போன பேரிங்ல ரிசல்ட் எவ்ளோ, பொய் அலாரம் எவ்ளோ. நம்பர் 80ன்னு வந்தாலும் பரவாயில்ல, அதை வெச்சு நாங்க வேலையை ஆரம்பிப்போம்.

இப்படிக்கு,
மெயின்டெனன்ஸ் பிரிவுல வேலை பாக்கும் ஒரு வாசகர்